சிவப்பு கலர் சைக்கிள்

‘உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? முதல் சைக்கிள் எப்போது கிடைத்தது? உங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதிகமா?’

இந்த மூன்று கேள்விகளையும் திருப்பூரில் டீக்கடை வாசலில் நிற்கிற யாரிடமாவது தமிழில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு ரவுண்டு டீ ஆகிவிடும். கட்டிங் பீஸ் பண்டலை கேரியரில் தலை உயரத்துக்குக் கட்டி, மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளின கதை வரும். வாடகை சைக்கிளை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, ஒண்ணரை மணி நேரம் கழித்துக் கொண்டுபோய் நிறுத்தி, கடைக்காரரிடம் வாங்கிய வசவு வரும். கம்பெனி வாசலில் சைக்கிள் தொலைந்துபோய், மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து நடந்த கதையும் வரலாம்.

அதே கேள்விகளை இங்கிலீஷில் கேளுங்கள். அத்தனை பேருக்கும் ஒரே அப்பா வந்துவிடுகிறார்!

அந்த அப்பா, பிள்ளையின் பத்தாவது பிறந்த நாளைக்கு சிவப்பு கலர் சைக்கிள் ஒன்றைப் பரிசளிக்கிறார். பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்களோடு பார்க்கில் ஓட்டுகிறது. சைக்கிள் உடம்புக்கு நல்லது. சுற்றுச்சூழலுக்கும் நல்லது. பெட்ரோல் மிச்சம். அந்தப் பிறந்த நாளை மறக்கவே முடியாது. தேங்க் யூ.

ஐயெல்ட்ஸ் பரீட்சைக்குத் தயாராகிறவர்களோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருந்தேன். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பிங்கிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார் நண்பர் ஒருவர். பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் லீவு. அதனால் வகுப்பில் ஞாயிறுதான் கூட்டம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிற பையன், நர்ஸிங் முடித்த பெண், சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறவர், மேல்படிப்புக்குப் போக நினைக்கிற இன்ஜினீயர்... ஒவ்வொருவரும் போக வேண்டிய நாடு வேறு வேறு. சைக்கிள் மட்டும் ஒன்று.

பரீட்சை தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐயெல்ட்ஸ் 1989-ல் ஆரம்பித்தது. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களில் ஏராளமானோர் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். இதில் பேச்சுப் பரீட்சை மொத்தமே 11-லிருந்து 14 நிமிஷம். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்பார். முதலில் வீடு, ஊர், வேலை, பழக்கவழக்கம் என்று சில்லறைக் கேள்விகள். அடுத்து ஒரு அட்டையைக் கொடுப்பார். யோசிக்க ஒரு நிமிஷம். அப்புறம் அதிகபட்சம் ரெண்டு நிமிஷம் நீங்களே பேச வேண்டும். மூன்றாவதாக, அந்த விஷயத்தையே கொஞ்சம் பெரிதாக்கி விவாதம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு... இந்த நாலுக்கும் சம பங்கு மதிப்பெண். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? உண்மைக்கு அங்கே மார்க் கிடையாது. பொய்க்கு மைனஸும் கிடையாது. உங்களுக்கு நிஜமாகவே சிவப்பு சைக்கிள் கிடைத்ததா என்று கண்டுபிடிக்க எதிரே இருப்பவருக்கு வழியும் இல்லை, அவசியமும் இல்லை. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். ‘அவங்க உங்க வாழ்க்கைக்கு மார்க் போடலை. இங்கிலீஷுக்குத்தான் போடறாங்க.’

இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. சிவப்பு சைக்கிளை ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் அதை வைத்து ஏழெட்டு அட்டைகளைச் சமாளிக்கலாம். ‘உங்களுக்குக் கிடைத்த ஒரு பரிசு’, ‘சிறு வயது நினைவு ஒன்று’, ‘நீங்கள் சந்தோஷப்பட்ட நாள்’, ‘உங்கள் குடும்பத்தில் ஒருவர்’, ‘உபயோகமான ஒரு பொருள்’ என்று எது வந்தாலும் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். தென்னை மரத்தைப் பற்றிக் கட்டுரை மனப்பாடம் செய்துகொண்டு போன மாணவனிடம் பசுவைப் பற்றி எழுதச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். பசுவைத் தென்னை மரத்தில் கட்டி, மீதியைத் தென்னை மரத்தைப் பற்றி எழுதினானே, அவன்தான் நம்முடைய முதல் ஐயெல்ட்ஸ் மாணவன்!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் ‘ஃபிக்டிஷியஸ் அசெட்’ என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் நிற்கும். தொகையும் எழுதியிருக்கும். ஆனால் போய்த் தொட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. இந்த சிவப்பு சைக்கிளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது. ஒரு வித்தியாசம், அதைப் புத்தகத்தில் எழுதுவதற்கு முறை உண்டு. ஆடிட்டருக்கும் தெரியும், எழுதினவருக்கும் தெரியும். இங்கே?

சரி, இது பொய்யா, இல்லையா?

இமானுவேல் காண்ட் என்கிற ஜெர்மன் தத்துவவாதியிடம் கேட்டால் யோசிக்கவே மாட்டார். 1797-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை பிரசித்தம். கொலை செய்யத் துரத்தி வருகிறவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை என்றார். கொலைகாரனுக்கே அப்படி என்றால், மார்க் போடுகிறவருக்குச் சொல்லவா வேண்டும்? காண்ட் கணக்கில் நம் திருப்பூர்ப் பிள்ளைகள் மொத்தமாக ஃபெயில்.

நம்ம வள்ளுவர் இதில் கொஞ்சம் நீக்குப்போக்கானவர். வாய்மை அதிகாரத்தைத் திறந்தால் முதல் குறளே (291) உண்மையை வேறு விதமாக அளக்கிறது. சொன்னது நடந்ததா என்று அவர் கேட்கவில்லை. சொன்னதால் யாருக்காவது தீங்கு உண்டா என்று கேட்கிறார். அடுத்த குறளில் (292) இன்னும் ஒரு படி இறங்கி வந்து, குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் உண்மையின் வரிசையில் உட்கார வைக்கிறார். இந்த அளவுகோலில் சிவப்பு சைக்கிள் ஜம்மென்று பாஸ். யாருக்கு நஷ்டம்? கேட்கிறவருக்கு அந்த சைக்கிள் தேவையே இல்லை. அவருக்குத் தேவை நீங்கள் இறந்த காலத்தில் ஒழுங்காகப் பேசுகிறீர்களா என்பது. நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் ‘நான் மன்னன்’ என்று சொன்னால் யாராவது பொய் சொல்கிறார் என்போமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கும்போது அவ்வளவு சுலபமாக முடிய மறுக்கிறது. ஏனென்றால் மனப்பாட பதில் இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

வெளிநாட்டு பையர்கள் துணியை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுப்பதில்லை. தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறீர்களா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் லைனில் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். எத்தனை மணிக்கு வேலை முடியும்? ஓவர்டைமுக்கு எவ்வளவு? வயது என்ன? ஆடிட்டுக்கு முன்னால் தொழிலாளிகளுக்கு பதில் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்வது, ஆயத்த ஆடைத் தொழில் இருக்கிற தேசங்களில் எல்லாம் பல ஆய்வுகளில் பதிவான சங்கதி. எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. கணக்கை அப்படியே திறந்து காட்டுகிற முதலாளிகளையும் எனக்குத் தெரியும். ஆனால் ‘அஞ்சரைக்கு முடிஞ்சுரும் சார், ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம் சார்’ என்கிற வரியைச் சொல்லிப் பார்த்த வாய்கள் இந்த ஊரில் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

செக்கிங் பகுதியில் நிற்கிற அக்கா அந்த வரியைச் சொல்லிவிடுவார். பக்கத்திலேயே கம்பெனி ஸ்டாண்டில் அவருடைய சைக்கிள் நிற்கிறது. அதைக் கேட்டால் உண்மையைச் சொல்லும். ஒண்ணரை ஷிப்ட் நாளில் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் அதற்கு விடுதலை.

இந்த மனப்பாட பதிலை அதே 291-ம் குறளில் நிறுத்திப் பாருங்கள். ஃபெயில். இங்கே கேட்கிறவருக்கு, குறைந்தபட்சம் காகிதத்திலாவது, உண்மை தேவைப்படுகிறது. பதில் பொய்யானால் நஷ்டம் அந்த அக்காவுக்கே. சில சமயம் நஷ்டம் பயங்கரமானதாகவும் இருக்கும். 2012 செப்டம்பர் 11-ம் தேதி கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு ‘எஸ்.ஏ. 8000’ என்கிற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஐயெல்ட்ஸையும் இதையும் ஒன்றாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்றில் ஒரு பையனின் விசா, இன்னொன்றில் உயிர். ஆனால் ரெண்டுக்கும் பயிற்சி ஒரே பயிற்சி. ஒரு கேள்வி காதில் விழுந்ததும், ‘எனக்கு என்ன நடந்தது?’ என்று உள்ளே பார்க்காமல், ‘இவருக்கு எது பிடிக்கும்?’ என்று வெளியே பார்க்கிற பழக்கம். முதல் இடத்தில் அது யாரையும் காயப்படுத்தாது. அதே பழக்கம் ரெண்டாவது இடத்துக்கும் நம்மோடு வரும், அங்கே நாம் மேஜையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும். மெர்ச்சன்டைசர் பையன் நாளைக்கு ஆடிட்டருக்கு பதில் தயார் செய்கிற இடத்தில் இருப்பான், இல்லையா?

வள்ளுவரின் மூன்றாவது குறளை (293) சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் ரெண்டிலும் நம்மைத் தப்பிக்க விட்டவர், அங்கே பிடிக்கிறார். கேட்கிறவர் ஏமாந்தாரா, யாருக்கு நஷ்டம் என்கிற பேச்சே அதில் இல்லை. உன் மனசுக்குத் தெரியுமே, அது உன்னை விடாதே என்கிறார்.

நர்ஸிங் படித்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கம் கிராமம். ‘மை ஃபாதர் கிஃப்டட் மீ எ ரெட் கலர் பைசைக்கிள்’ என்று தடங்கல் இல்லாமல் சொன்னார். முடிந்ததும் தமிழில் கேட்டேன். நிஜமாகவே முதல் சைக்கிள் எப்போது வந்ததும்மா?

“ப்ளஸ் ஒன்லதானுங்க சார். ஸ்கூல்ல கொடுத்தாங்க. அது கவர்ன்மென்ட் சைக்கிளுங்க, அதைப் போயி கிஃப்ட்னு எப்படிங்க சொல்றது?”

ஸ்கூல் ஏழு கிலோமீட்டர். காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அன்றைக்கு லீவு. சைக்கிள் வந்த பிறகு லீவு போடவில்லை. “இப்ப அந்த சைக்கிள்ல எங்கம்மா மில்லுக்குப் போறாங்க சார். செயின் மட்டும் ரெண்டு வாட்டி மாத்தினோமுங்க.”

அடுத்து நண்பர் மூன்றாவது பகுதிக்குப் போனார். ‘மக்கள் சைக்கிள் ஓட்டுவதை அரசாங்கங்கள் எப்படி ஊக்குவிக்கலாம்?’ இந்தப் பெண் சொன்ன பதில்: ‘அரசாங்கம் விழிப்பு உணர்வு ஏற்படுத்த வேண்டும்.’

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, அடுத்த சில வருஷங்களில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். 2006-ல் பீகாரும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அதை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்று ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்வதில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட ஆராய்ச்சி அது. ‘அரசாங்கம் என்ன செய்யலாம்?’ என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால், அதற்கு உயிருள்ள பதிலாக உட்கார்ந்திருப்பவர் இந்தப் பெண். அவரோ விழிப்பு உணர்வு ஏற்படுத்தச் சொல்கிறார்!

அதற்கும் முன்னால் புதுக்கோட்டை இருக்கிறது. 1991-92 வாக்கில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரிப் பெண்கள் என்று பல்லாயிரம் பேர் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்களாம். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்ததாம். நடுவில் பார் இருக்கிறதே, குழந்தையை உட்கார வைக்கலாம்! சுற்றுச்சூழல், உடல்நலம், பெட்ரோல் மிச்சம் என்று எந்த கைடிலும் இந்த வரி கிடையாது.

அந்தப் பெண் சொன்ன பொய் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அவரிடம் இருந்த ஒரு பெரிய பதில் அதற்காகக் காலி செய்யப்பட்டது. இங்கிலீஷ் என்றால் பார்க் இருக்க வேண்டும், பிறந்த நாள் கேக் இருக்க வேண்டும், கிஃப்ட் இருக்க வேண்டும். ஸ்கூல் மைதானத்தில் வரிசையில் நின்று வாங்கின சைக்கிளுக்கு அந்த பாஷையில் நுழைய அனுமதி இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எந்த வெள்ளைக்காரனும் போடவில்லை. நாமே போட்டுக்கொண்டு, நாமே வரிசையில் நிற்கிறோம்.

இத்தனைக்கும் பரீட்சை நடத்துகிறவர்களே மனப்பாடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஒப்பிக்கிறவரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ரெண்டு வாக்கியம் போதும். நண்பர் மாதிரித் தேர்வு நடத்துகையில், ஒரு இன்ஜினீயர் பையனிடம் சும்மா ‘விச் பார்க்?’ என்று கேட்டார். பையன் திகைத்துப்போய், “சென்ட்ரல் பார்க் சார்” என்றான். நியூயார்க் வரைக்கும் சைக்கிளிலேயே போயிருக்கிறான்!

இதையெல்லாம் வகுப்பில் ஒரு நாள் சொன்னேன். உங்கள் நிஜ சைக்கிளையே சொல்லுங்களேன், வார்த்தையும் தானாக வருமே என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். மெர்ச்சன்டைசர் பையன் மட்டும் ஆட்டவில்லை.

“இல்லீங்ணா. எங்கப்பா சைக்கிள் கதைய நான் சொல்ல மாட்டேனுங்க. அது எங்க வீட்டு விஷயம். ஆறரை ஸ்கோருக்காக, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட அதை எதுக்குங்க எடுத்துக் கொடுக்கணும்?”

கோபமாகச் சொல்லவில்லை. விலை கட்டுப்படியாகாது என்று பையரிடம் சொல்கிற தொனியில் சொன்னான். அவன் அப்பா சைக்கிளுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதில் வேலை இல்லை.

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரிய நியாயம். ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் கஷ்டத்தைத் திறந்து காட்டினால்தான் உண்மையானவன் என்று எதிர்பார்ப்பது ஒரு விதமான வன்முறை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்திலும், டி.வி. பாட்டுப் போட்டியிலும் அதைத்தானே பார்க்கிறோம்? வசதியான வீட்டுப் பையன் பார்க்கைப் பற்றி உளறிவிட்டு எழுந்து போகலாம். இவன் மட்டும் அப்பாவின் கடனைச் சொல்ல வேண்டுமா? அந்தக் கேள்வியின் முன்னால் சிவப்பு சைக்கிள் ஒரு திரைச்சீலை. வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுவதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் திரை போட வேறு துணியும் இருக்கிறது. பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது வேறு. கேட்டதெல்லாம் சைக்கிள்தான். அதில் கடனும் கண்ணீரும் தொடாத ஆயிரம் உண்மைகள் இருக்கின்றன. பேன்ட் காலை செயின் கடிக்காமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டது. மழையில் பிரேக் பிடிக்காமல் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தியது. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடியது. இவற்றை யாரிடம் சொன்னாலும் வீட்டு மானம் போகாது. மூன்றாவது குறளுக்கும் பயப்பட வேண்டாம்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நண்பரிடம் திரும்பினான்.

“சார், குரங்கு பெடலுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?”

நண்பர் யோசித்தார். 2024-ல் அந்தப் பேரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது. அதைப் பார்த்தவர்கள்கூட அந்த வகுப்பில் இருந்தார்கள். ஆனால் வார்த்தை யாருக்கும் சிக்கவில்லை. ‘மங்கி பெடல்’ என்று பின்பெஞ்சில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

“அதுக்கு வார்த்தை இல்லப்பா. எப்படி ஓட்டுவேன்னு நீயே விளக்கிச் சொல்லு” என்றார் நண்பர்.

பையன் எழுந்து நின்றான். சைக்கிள் தன்னைவிட உயரம் என்றான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் இடது காலை இந்தப் பெடலில் வைத்து, வலது காலை பாருக்கு அடியில், அந்த முக்கோணத்துக்குள் விட்டு, அந்தப் பக்கப் பெடலைப் பிடிக்க வேண்டும். உடம்பு இந்தப் பக்கம், சைக்கிள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். வலது கை சீட்டைக் கட்டிப்பிடித்திருக்கும். முழுச் சுற்று வராது, அரைச் சுற்று மிதித்து மிதித்து விட வேண்டும். கிராமர் அங்கங்கே உடைந்தது. ‘அண்டர் தி பார்’ என்பதை மூன்று தடவை சொன்னான். ஒரு காலைத் தூக்கிக் காட்டியும் பார்த்தான். செயின் கார்டில் முட்டி உரசி ரத்தம் வந்ததற்கு வார்த்தை தேடி நின்றபோது, நர்ஸ் பெண் எடுத்துக் கொடுத்தார்.

நண்பர் மொபைலில் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட். சைக்கிள் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.